சின்னதாகத் தொழில் செய்பவர்களுக்கு ஆர்வமும் தேடலும் உண்மையிலேயே உதவுமா?

உதவும். "சின்னக் கடைக்காரனுக்குப் பணமும் நல்ல இடமும் இருந்தால் போதாதா, புதுசு புதுசாகத் தெரிந்துகொள்கிற ஆர்வமெல்லாம் பெரிய கம்பெனிக்காரர்களுக்குத்தானே" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் சென்னையில் மேடவாக்கம் பக்கம் ஹார்டுவேர், பிளம்பிங் சாமான் கடை வைத்திருக்கிறேன். பணமும் இடமும் வேண்டும்தான், மறுக்கவில்லை. ஆனால் எங்கள் மெயின் ரோட்டிலேயே என்னைவிடப் பெரிய கடைகள் இருக்கின்றன. அப்படியும் ஆட்கள் என்னைத் தேடி வருகிறார்கள் என்றால், வாங்க வருகிறவரிடம் "எதுக்குங்க இது?" என்று கேட்கிற பழக்கம்தான் காரணம்.

ஒன்று சொல்கிறேன். இந்தப் பக்கம் பல தெருக்களில் போர் தண்ணீர் உப்பு. ஒரு பிளம்பர் அண்ணன் அடிக்கடி வந்து ஷவர் வாங்கிப் போவார். ஒரு நாள் கேட்டேன்: "அண்ணே, ஒரே அபார்ட்மென்ட்டுக்கா இத்தனை ஷவர்?"

"ஆமாப்பா, ஓட்டையெல்லாம் அடைச்சுக்குது. கழட்டிப் போட்டுட்டுப் புதுசு மாட்டிடறோம்."

கழற்றிப் போட்டதில் ஒன்றை எடுத்துவரச் சொன்னேன். ஓட்டைகளைச் சுற்றி வெள்ளையாகப் பொருக்குக் கட்டியிருந்தது, நகத்தால் சுரண்டினால் அசையவில்லை. வினிகரில் போட்டதும் பொடிப்பொடியாக நுரை கிளம்பியது. ராத்திரி முழுக்க ஊறவிட்டு, காலையில் பழைய பிரஷ்ஷால் தேய்த்தால் ஓட்டைகள் பாதிக்கு மேல் திறந்துவிட்டன. தண்ணீரில் இருக்கும் கால்சியம்தான் அப்படிப் படிகிறது. சூடுபடுத்தினால் இன்னும் வேகமாகப் படியும், அதனால்தான் கீசர் காயிலும் சீக்கிரம் போகிறது.

அதன்பிறகு எனக்குச் சும்மா இருக்க முடியவில்லை. தண்ணீரில் கரைந்திருக்கிற உப்பின் மொத்த அளவுதான் டிடிஎஸ். பேனா மாதிரி இருக்குமே, அதைப் பார்க்கிற அந்த டிடிஎஸ் மீட்டர் ஒன்று வாங்கி கல்லாவில் வைத்தேன். பாட்டிலில் தண்ணீர் கொண்டுவந்தால் பார்த்துச் சொல்வேன். குடிநீருக்கான இந்தியத் தர அளவில் டிடிஎஸ் லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு தண்ணீருக்கு வழியே இல்லையென்றால் 2000 வரை போகலாம் என்று இருக்கிறது. ஆனால் டிடிஎஸ் வேறு, கடினத்தன்மை வேறு. கரைந்திருக்கிற எல்லா உப்பையும் மீட்டர் சேர்த்துக் காட்டும், குழாயில் படிகிற கால்சியமும் மெக்னீசியமும் அதில் எவ்வளவு என்று சொல்லாது. அதற்குத் தனி டெஸ்ட் கிட் இருக்கிறது, அதில் லிட்டருக்கு 200 மில்லிகிராமுக்குள் இருந்தால் நல்லது. இந்த வித்தியாசத்தைப் பொறுமையாகச் சொன்னாலே மக்கள் நம்புகிறார்கள். அந்த அபார்ட்மென்ட்டுக்கு, விரலால் தேய்த்தாலே பொருக்கு உதிர்கிற சிலிக்கோன் முனை ஷவர்களை வரவழைத்துக் கொடுத்தேன். ஷவர் வியாபாரம் குறைந்தது. இப்போது அவர்களுடைய மோட்டார், வால்வு, டேங்க் சாமான் எல்லாம் என்னிடம்தான்.

அடுத்தது, கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு 'இல்லை' நோட்டு. யாராவது கேட்டு நாம் "இல்லைங்க" என்று சொன்ன பொருளை அப்போதே அதில் எழுதிவிட வேண்டும். விற்றதற்குப் பில் இருக்கிறது. விற்காமல் போனது எந்தக் கணக்கிலும் வராது, வளர்வதற்கான வழி பாதி அதில்தான் இருக்கிறது. எங்கள் நோட்டில் "திருகாமல் திறக்கிற குழாய்" என்று திரும்பத் திரும்ப வந்தது. யார் கேட்கிறார்கள் என்று கவனித்தால், பெரும்பாலும் வயதானவர்கள். பிள்ளைகள் வெளிநாட்டிலோ பெங்களூரிலோ இருக்க, இருவர் மட்டும் ஃப்ளாட்டில் இருப்பவர்கள். விரல் மூட்டு வலியில் குழாயைத் திருக முடியவில்லை. நீளக் கைப்பிடி வைத்து கால் சுற்றில் திறக்கிற குழாய் ஒன்றும் புதுப் பொருள் இல்லை. அவர்கள் கையில் வைத்துத் திறந்து பார்க்கிற மாதிரி ஒரு பலகையில் மாட்டி வைத்தோம், அவ்வளவுதான். ஒரு அம்மா நாலைந்து தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டு, "கிச்சனுக்கும் ஒண்ணு குடுப்பா" என்றார். அப்புறம் பாத்ரூம் சுவரில் பிடித்துக்கொள்ளும் கம்பி இருக்கிறதா என்று கேட்டார். அதையும் எழுதிக்கொண்டோம்.

சென்னையில் எங்கள் தொழிலுக்கு ஏரிக் கணக்கும் வேண்டும். பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஏரிகளில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மெட்ரோ வாட்டர் தினமும் வெளியிடுகிறது. வடகிழக்குப் பருவமழை பொய்த்தால் அதன் வலி அடுத்த ஏப்ரல், மே, ஜூனில்தான் தெரியும். 2019 கோடையில் நாலு ஏரியும் கிட்டத்தட்ட வறண்டுபோனதை இங்கே யாரும் மறந்திருக்க மாட்டார்கள். டிரம், ஹோஸ், சம்ப்பிலிருந்து (தரைக்கடித் தொட்டியிலிருந்து) ஏற்றுகிற சின்ன மோட்டார் எல்லாம் அப்படிப்பட்ட நாட்களில்தான் விற்கும். ஜனவரியிலேயே ஏரியைப் பார்க்கிறவன் விலை ஏறுவதற்கு முன் சரக்கு எடுப்பான், தெருக்காரர்களுக்கும் நியாய விலையில் கொடுப்பான்.

மொத்தக் கடைகள் இருக்கிற பாரிமுனைக்குப் போய்ச் சரக்கு எடுக்கும்போது மொத்த வியாபாரியிடம் "எது நல்லாப் போகுது?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். நான் "எது ரிட்டர்ன் வருது?" என்று கேட்பேன். முதல் கேள்விக்கு அவரிடம் தேங்கிக் கிடக்கிற சரக்கின் பெயரும் பதிலாக வரலாம். இரண்டாவதற்குப் பெரும்பாலும் உண்மை வரும்.

பக்கத்துக் கடைக்காரன் என்ன விலைக்கு விற்கிறான் என்பதை மட்டும் துருவித் துருவி விசாரிப்பது தேடலில் சேராது என்று நினைக்கிறேன். அது போகிற இடம் விலைக்குறைப்பு ஒன்றுதான். யாரை எல்லோரும் கவனிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று தேடுங்கள். ஆர்.ஜி. சந்திரமோகன் 1970-இல் ராயபுரத்தில் 13,000 ரூபாயில் ஐஸ் தொழில் தொடங்கியவர். தள்ளுவண்டியில் குச்சி ஐஸ்தான் ஆரம்பம். சென்னையில் பெரிய பெயர்கள் இருந்தபோது அவர் கல்லூரிகளுக்கும் கப்பல்களுக்கும் சப்ளை செய்தார். பிறகு பெரியவர்கள் எட்டிப் பார்க்காத சிறு நகரங்களுக்கு அருண் ஐஸ்கிரீமைக் கொண்டுபோனார். பால், ஐஸ்கிரீம் விற்கிற இன்றைய ஹட்சன் நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்த 13,000 மட்டும் அவருக்கு இந்த இடங்களைக் காட்டியிருக்குமா?

"கேட்டால் கோபித்துக்கொள்வார்களே?" என்ற தயக்கம் இருந்தால், கேட்கிற விதத்தில் எல்லாம் இருக்கிறது. "எதுக்கு வேணும்?" என்று வெடுக்கென்று கேட்டால் யாருக்கும் பிடிக்காது. "சுடுதண்ணி லைனுக்கா, பச்சைத்தண்ணி லைனுக்கா சார்?" என்று கேட்டுப் பாருங்கள். யூபிவிசி என்கிற பிளாஸ்டிக் பைப் சுடுதண்ணீருக்கு ஆகாது, அதற்குச் சூடு தாங்குகிற சிபிவிசி பைப் வேண்டும், ஒட்டுகிற பசையும் வேறு. இந்த ஒரு கேள்வியில் அவருக்கு ஒரு அலைச்சல் மிச்சம். கடைப் பையன்களுக்கும் இதைத்தான் முதலில் சொல்லிக்கொடுக்கிறேன்.

கையில் பணம் குறைவாக இருப்பவருக்கு ஒரே ஒரு எச்சரிக்கை. நோட்டில் ஒரு பொருள் இரண்டு முறை வந்துவிட்டதே என்று பெட்டி பெட்டியாக இறக்காதீர்கள். இரண்டு பீஸ் எடுங்கள், யார் வாங்குகிறார், எதற்கு வாங்குகிறார் என்று கேளுங்கள். அதற்கப்புறம் பெட்டி எடுக்கலாம்.