ஒப்பந்தம் பெரிதா, அரசியலமைப்பு பெரிதா? சட்டம் படிக்க நினைக்கும் மகளுக்கு

ஆச்சி, மாதிரித் தேர்வில் "சர்வதேச ஒப்பந்தம் அடிப்படை உரிமைக்கும் மேல்" என்று எழுதி மதிப்பெண் போய்விட்டது என்பதற்காக, சட்டம் மகளுக்கு ஒத்துவராது என்று முடிவுகட்டிவிடாதீர்கள். சட்டக் கல்லூரி மாணவர்களே சறுக்குகிற இடம் இது.

நம் நாட்டில் மத்திய அரசு கையெழுத்துப் போட்டதாலேயே ஒப்பந்தம் உள்நாட்டுச் சட்டமாகிவிடாது. குடிமக்களின் உரிமையைத் தொடுவதென்றால் அரசியலமைப்பின் 253-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். அந்தச் சட்டமும் அடிப்படை உரிமையைப் பறித்தால் 13-வது பிரிவின்படி செல்லாது. 1960 பெருபாரி வழக்கை அவசியம் படிக்கச் சொல்லுங்கள். இந்திய, பாகிஸ்தான் பிரதமர்கள் செய்துகொண்ட நேரு–நூன் ஒப்பந்தப்படி மேற்கு வங்கத்தின் பெருபாரியில் ஒரு பகுதியைப் பாகிஸ்தானுக்குக் கொடுக்கச் சாதாரணச் சட்டம் போதாது, அரசியலமைப்பையே திருத்த வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். ஒன்பதாவது திருத்தம் அப்படி வந்ததுதான். 1997 விசாகா வழக்கு இதற்கு மறுபக்கம். பணியிடப் பாலியல் தொல்லைக்குத் தனிச் சட்டம் இல்லாதபோது, ஐ.நா. பெண்கள் உடன்படிக்கையைத் துணைக்கு எடுத்து நீதிமன்றம் பாதுகாப்பைக் கூட்டியது.

குழப்பம் வருவது வரி வழக்குகளால். கொண்டுவிக்க, அதாவது கடல் கடந்து வணிகம் செய்யப் போன நம் குடும்பங்களுக்குத் தெரிந்த சங்கதிதான்: மலேசியாவின் ஈப்போவில் சொத்து வைத்திருந்த ஒரு செட்டியார் நிறுவனத்தின் வழக்கில், 2004-ல் உச்ச நீதிமன்றம் ஒரே வருமானத்துக்கு இரு நாடுகளிலும் வரி விழாமல் தடுக்கும் இரட்டை வரி ஒப்பந்தமே வருமான வரிச் சட்டத்தை மிஞ்சும் என்றது. அதற்கு இடம் கொடுத்தது அந்தச் சட்டத்தின் 90-வது பிரிவு. இங்கே ஒப்பந்தம் மிஞ்சியது ஒரு சாதாரணச் சட்டத்தை மட்டுமே. அரசியலமைப்பை அது தொடவில்லை. இதைப் பிரித்து எழுதத் தெரிந்தால் போதும், திருத்துகிறவர் மதிப்பெண் போட்டுவிடுவார்.

விடையின் முதல் வரியிலேயே எந்த நாடு என்று குறிப்பிடட்டும். நெதர்லாந்தில் அரசியலமைப்போடு முரண்படும் ஒப்பந்தத்தைக்கூட நாடாளுமன்றம் மூன்றில் இரண்டு பங்கு வாக்குகளால் ஏற்கலாம். அமெரிக்காவிலோ, ஒப்பந்தம் அரசியலமைப்பை மிஞ்ச முடியாது என்று 1957-லேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது.

சேர்க்கைக்கு இரண்டு வழி. காரைக்குடி அரசு சட்டக் கல்லூரிக்கு பிளஸ் டூ மதிப்பெண் போதும். திருச்சி தேசிய சட்டப் பல்கலைக்கழகம் என்றால் தேசிய சட்டப் பல்கலைக்கழகங்களுக்கான கிளாட் நுழைவுத் தேர்வு எழுத வேண்டும்: 2 மணி நேரம், 120 கேள்விகள், தவறான விடைக்கு 0.25 கழிவு. அதில் சட்டப் பகுதிக்குக் கொடுத்த பத்தியில் உள்ள விதியை வைத்தே விடை சொல்ல வேண்டும். பெருபாரி தெரிந்த பிள்ளைகள் பத்தியைப் படிக்காமல் விடையைக் குறித்துவிட்டு வருகிறார்கள். வாரம் நான்கு பத்தியாவது கடிகாரம் வைத்துப் பழகட்டும்.