விமர்சனத்துக்கு ஸ்ட்ரைக் விழுந்தால் என்ன செய்வது?

கேள்வி: சினிமா விமர்சன யூடியூப் சேனல் நடத்துகிறேன். புதுப்படம் ஒன்றைக் கடுமையாக விமர்சித்து 12 நிமிட வீடியோ போட்டேன். டிரெய்லரிலிருந்து மொத்தம் 40 விநாடிக் காட்சிகளைச் சேர்த்திருந்தேன். தயாரிப்பு நிறுவனம் யூடியூபில் பதிப்புரிமைப் புகார் போட்டு, சேனல் மேல் காப்பிரைட் ஸ்ட்ரைக் விழவைத்து வீடியோவைத் தூக்கிவிட்டது. அதே டிரெய்லரைப் போட்டுப் பாராட்டியவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. பேசாமல் வீடியோவை அழித்துவிடலாமா?
- வாசகர், திருநெல்வேலி

பதில்: அழிக்காதீர்கள். அழித்தாலும் ஸ்ட்ரைக் போகாது.

வந்திருப்பது ஸ்ட்ரைக்தானா என்று உங்கள் சேனலின் யூடியூப் ஸ்டுடியோ பக்கத்தில் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். கண்டென்ட் ஐடி க்ளெய்ம் (யூடியூபின் தானியங்கி முறை காட்சியையோ பாட்டையோ அடையாளம் கண்டு போடும் உரிமைகோரல்) என்றால் பெரும்பாலும் வீடியோ ஓடும், விளம்பரக் காசு மட்டும் உரிமையாளருக்குப் போகும். ஸ்ட்ரைக் அப்படியல்ல, 90 நாளுக்குள் மூன்று விழுந்தால் சேனலே போய்விடும்.

விமர்சனத்துக்காக ஒரு படைப்பிலிருந்து நியாயமான அளவு எடுத்தாள்வது பதிப்புரிமை மீறல் ஆகாது என்று 1957ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52ஆம் பிரிவே சொல்கிறது. பேச்சுரிமைக்காக வைத்த வாசல் அது. ஆனால் "30 விநாடி வரை எடுக்கலாம்" என்று சொல்லித் திரிகிறார்களே, அப்படி ஒரு கணக்கு சட்டத்தில் எங்குமே இல்லை. வீடியோவுக்குக் கீழே 52ஆம் பிரிவை எழுதிவைப்பதாலும் பாதுகாப்பு வந்துவிடாது.

பிறகு எதை வைத்து அளப்பது? ஒரு நாடகத்துக்கு மறுப்பாக, அதன் பாத்திரங்களையும் வசனங்களையும் எடுத்தே எழுதிய எதிர்நாடகம் பற்றிய வழக்கில், 1996இல் கேரள உயர் நீதிமன்றம் மூன்றைப் பார்த்தது: சொல்லும் கருத்தோடு ஒப்பிட்டால் எடுத்தது எவ்வளவு, எதற்காக எடுத்தார்கள், மூலப் படைப்புக்கு இது போட்டியாகுமா. உங்கள் 40 விநாடியை இதே மாதிரி துண்டு துண்டாகச் சோதியுங்கள். சண்டைக் காட்சி 8 விநாடி ஓடும்போது அதன் எடிட்டிங் ஏன் குழப்புகிறது என்று பேசியிருந்தால் அது விமர்சனம். ஆரம்பத்தில் கவர்ச்சிக்காகப் பாட்டோடு 15 விநாடி சும்மா ஓடவிட்டிருந்தால் அது அலங்காரம், மாட்டுவது அங்கேதான். பாட்டின் உரிமை பெரும்பாலும் தனியாக ஆடியோ கம்பெனியிடம் இருக்கும் என்பதால் இன்னொரு ஸ்ட்ரைக்கும் வரலாம். ஒவ்வொரு துண்டுக்கும் எதிரே அந்த இடத்தில் நீங்கள் பேசிய வாக்கியத்தை எழுதிவையுங்கள்.

அந்தத் தாளோடு, ஸ்ட்ரைக்கைத் திரும்பப் பெறச் சொல்லி நிறுவனத்துக்கு மெயில் அனுப்புங்கள். மசியாவிட்டால் யூடியூபில் கவுண்டர் நோட்டிஃபிகேஷன், அதாவது புகாருக்கு முறையான மறுப்பு, போடலாம். யூடியூப் அதை ஏற்று நிறுவனத்துக்கு அனுப்பியபின், 10 அமெரிக்க வேலைநாளுக்குள் வழக்குப் போட்டதற்கான ஆதாரத்தை நிறுவனம் காட்டாவிட்டால் வீடியோ திரும்பும், ஸ்ட்ரைக்கும் நீங்கும். போடுமுன் ஒன்று தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் பெயர், முகவரி எதிராளி கைக்குப் போகும். அமெரிக்க நீதிமன்ற அதிகார வரம்புக்கும் சம்மதம் கொடுக்கிறீர்கள். அலங்காரத் துண்டு ஒன்று உள்ளே இருந்தால்கூட வேண்டாம். யூடியூபின் காப்பிரைட் ஸ்கூல் என்ற சிறு பாடத்தை முடித்துவிட்டு, ஸ்ட்ரைக் தானாகக் காலாவதியாகும்வரை 90 நாள் பொறுத்திருப்பதே மேல்.

பாராட்டியவர்களை விட்டுவிட்டு உங்களை மட்டும் பிடித்தது அநியாயம். படம் மோசம் என்று சொன்னதற்கு அவதூறு வழக்குப் போட்டால் நிறுவனம் நீதிபதி முன்னால் நிரூபிக்க வேண்டும். ஸ்ட்ரைக்குக்கு ஒரு படிவம் போதும், எந்த நீதிபதியும் பார்ப்பதில்லை. புதுப்பட விமர்சனத்துக்கு முதல் வாரம்தான் உயிர். நீங்கள் ஜெயித்து வீடியோ திரும்புவதற்குள் படமே தியேட்டரை விட்டுப் போயிருக்கும்.

அதனால் காத்திருக்காமல் இன்றைக்கே அந்தக் காட்சிகளை நீக்கிவிட்டு, உங்கள் முகமும் குரலும் மட்டும் உள்ள பதிப்பை ஏற்றுங்கள். உங்கள் கருத்து மீது அவர்களுக்குப் பதிப்புரிமை இல்லை. பழைய வீடியோவையே மறுபடி ஏற்றினால் இரண்டாவது ஸ்ட்ரைக் விழலாம். வழக்குப் போடுவோம் என்று ஆதாரமில்லாத மிரட்டல் நோட்டீஸ் வந்தால், அதை நிறுத்தக் கோரி நீங்களே நீதிமன்றம் போக அதே பதிப்புரிமைச் சட்டத்தின் 60ஆம் பிரிவு வழிவிடுகிறது. நோட்டீஸை எடுத்துக்கொண்டு வக்கீலைப் பாருங்கள்.