தறி நின்ற வீட்டின் கதை

கேள்வி: புதுமைப்பித்தன், வண்ணதாசன், வண்ணநிலவன் ஆகியோரை ஓரளவு படித்திருக்கிறேன். நெல்லைச் சீமையில் அதிகம் பேசப்படாமல் போன நாவல், கவிதை நூல்கள் எவை? புதியவர்களில் யாரைப் படிக்கலாம்? என் தகப்பனார் தறி நெய்தவர். அந்த வாழ்க்கையைச் சொல்லும் நூல் உண்டா?
(வாசகி, வீரவநல்லூர்)

பதில்: உங்கள் கடைசிக் கேள்வியிலிருந்தே தொடங்குகிறேன், அதன் விடையிலேயே முதல் கேள்விக்கான விடையும் இருக்கிறது. தொ.மு.சி. ரகுநாதன் 1953-இல் வெளியிட்ட 'பஞ்சும் பசியும்' நாவலை அவசியம் படியுங்கள். புதுமைப்பித்தனின் வாழ்க்கை வரலாற்றை எழுதியவர் என்று ரகுநாதனை அறிந்தவர்களில் பலர்கூட, திருநெல்வேலிக்காரரான அவருடைய இந்த நாவலைத் தொட்டதில்லை. நாடு விடுதலை பெற்ற பின்னும் நெய்ய நூல் கிடைக்காமல், இருந்த நூலும் கள்ளச்சந்தைக்குப் போய்விட, தறி ஓடாமல் நின்ற கைத்தறி நெசவாளர்களின் கதை அது. செக் நாட்டுத் தமிழறிஞர் கமில் சுவலபில் இதைச் செக் மொழியில் பெயர்த்தார். அயலார் கொண்டாடிய நாவலை நாம் பரணில் போட்டுவிட்டோமே என்ற வருத்தம் எனக்கு உண்டு. கொள்கைக்காக எழுதிய கதை என்று இதை ஒதுக்குகிறவர்கள் சொல்வதில் ஓரளவு உண்மை இருக்கிறது. பாத்திரங்கள் சில இடங்களில் பிரசங்கம் செய்யத்தான் செய்கின்றன. ஆயினும், தறி நின்றால் அடுப்பும் அணைந்துவிடும் வீடுகளில் பசி எப்படி மனிதரின் மானத்தைத் தொடுகிறது என்பதை இவ்வளவு நேராகச் சொன்ன தமிழ் நாவல்கள் குறைவு.

கவிதையில், 1986 வரை நெல்லை மாவட்டமாகவே இருந்த தூத்துக்குடிப் பகுதியின் வேப்பலோடையைச் சேர்ந்த மு. சுயம்புலிங்கத்தைத் தேடிப் படியுங்கள். 'நிறம் அழிந்த வண்ணத்துப்பூச்சிகள்' தொகுப்பில் உவமை அலங்காரம் ஏதும் கிடையாது. வீட்டு வாசலில் உட்கார்ந்து ஒருவர் தம் வறுமையைச் சொல்லிக்கொண்டு போவதுபோல வரிகள் அமைந்திருப்பதால், வாய்விட்டு வாசித்தால்தான் அவற்றின் கனம் தெரியும்.

இளையவர்களில் கழுகுமலைக்காரரான சபரிநாதனைச் சொல்வேன். 'வால்' தொகுப்புக்கு 2019-இல் சாகித்திய அகாதெமியின் யுவ புரஸ்கார் விருது கிடைத்தபோதும், நம் பக்கத்து வாசகர்களிடம் அது போதுமான அளவு போய்ச் சேரவில்லை. ஒரே மூச்சில் முடிக்காமல், நாளுக்கு ஒரு கவிதையாகப் படியுங்கள்.

நூல்களுக்குப் பாளையங்கோட்டை மாவட்ட மைய நூலகத்தில் முதலில் விசாரியுங்கள். உங்கள் தகப்பனார் உடனிருந்தால், 'பஞ்சும் பசியும்' நாவலை அவருக்கு வாசித்துக் காட்டி, தறியையும் பாவு நூலையும் பற்றி ரகுநாதன் எழுதியவற்றில் எது சரி, எது பிசகு என்று கேட்டு எனக்கு எழுதுங்கள்.