பெஞ்சில் இருக்கும் ரன்னிங் பேக்: எடுக்கலாமா, விடலாமா?

அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்.எஃப்.எல்.-லின் நிஜ வீரர்களைச் சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுத்து (இதுதான் டிராஃப்ட்), அவர்களுடைய ஆட்டத்துக்கு ஏற்பப் புள்ளி சேர்க்கும் விளையாட்டு ஃபேன்டஸி. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுபவர் ரன்னிங் பேக், அவருக்கு மாற்றாக இருப்பவர் பேக்கப். இந்த டிராஃப்ட் பற்றி வாசகர்கள் கேட்டவை இந்த இதழில்.

கேள்வி: எங்களுடையது 12 பேர் லீக், ஹாஃப் பிபிஆர் (ஒவ்வொரு கேட்சுக்கும் அரைப் புள்ளி). 11-ம் சுற்றுக்குப் பிறகு பேக்கப் ரன்னிங் பேக்குகள்தான் மிஞ்சுகிறார்கள். எல்லாரும் ஒன்றுபோலவே தெரிகிறார்கள். எதை வைத்து ஒருவரை எடுப்பது?
– நியூ ஜெர்சி வாசகர்

பதில்: ஆளைப் பார்ப்பதற்கு முன் அவர் கைக்கு வரக்கூடிய வேலையைப் பாருங்கள். முன்னால் இருப்பவர் முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டால், அவருடைய கேரி (பந்தைத் தூக்கி ஓடும் ஓட்டம்), கேட்ச், கோல் லைன் (எல்லைக்கோடு) அருகே வரும் வாய்ப்பு மூன்றும் யாருக்குப் போகும்? ஒரே ஆளுக்கு என்றால் எடுக்கலாம். முதல் இரண்டு டவுன் (பத்து யார்டு முன்னேறக் கிடைக்கும் நான்கு முயற்சிகளில் ஒவ்வொன்றும் ஒரு டவுன்) ஒருவருக்கு, மூன்றாவது டவுன் இன்னொருவருக்கு, இரண்டு யார்டு மிச்சமிருந்தால் வேறொரு தடியருக்கு என்று பிரியுமானால், அந்த அணியின் பேக்கப்பைத் தொடாதீர்கள். காயமே நடந்தாலும் உங்களுக்குக் கிடைப்பது வாரம் 7, 8 புள்ளிதான்.

2024-ல் ஜோர்டன் மேசனைப் பலர் டிராஃப்டில் சீண்டவே இல்லை. 49இயர்ஸ் அணியில் எலைஜா மிட்செல் ஆகஸ்டிலேயே காயப் பட்டியலுக்குப் போய்விட்டார். அன்றைக்கே கிறிஸ்டியன் மெக்காஃப்ரிக்கு அடுத்த இடம் மேசனுக்கு என்று தெளிவாகிவிட்டது. முதல் வாரம் ஜெட்ஸுக்கு எதிராக மெக்காஃப்ரி இறங்கவில்லை. மேசன் 28 கேரி, 147 யார்டு, ஒரு டச்டவுன் (எல்லைக்கோட்டைத் தாண்டிப் பந்தைக் கொண்டுபோவது). பத்து யார்டுக்கு ஒரு புள்ளி, டச்டவுனுக்கு ஆறு என்ற கணக்கில், ஓட்டத்தில் மட்டும் 20.7 புள்ளி. அவருடைய கால்களில் திடீரென்று ஒன்றும் முளைத்துவிடவில்லை. முழு வேலையும் ஒரே ஆளிடம் வந்தது, அவ்வளவுதான்.

இதற்கு நேர்மாறும் உண்டு. 2018-ல் ராம்ஸ் அணியின் டாட் கர்லிக்கு டிசம்பரில் முழங்கால் வலி. அடுத்த ஆளான மால்கம் பிரவுனும் காயம். பட்டியலில் மிச்சம் இருந்தவர் ஜான் கெல்லி. வேவரில் (லீக்கில் யாரும் எடுக்காமல் மிஞ்சிய வீரர்களின் பட்டியல்) பலர் பாய்ந்து எடுத்தது அவரைத்தான். அணியோ அந்த வாரம்தான் வெளியிலிருந்து சி.ஜே. ஆண்டர்சனைக் கூட்டி வந்தது. வழக்கமான சீசனின் கடைசி இரண்டு ஆட்டங்களில் ஆண்டர்சன் 167, 132 யார்டு ஓடினார். ஆகவே டெப்த் சார்ட்டில் (அணி தன் வீரர்களை வரிசைப்படுத்தும் பட்டியல்) இரண்டாவதாகப் பெயர் இருப்பது மட்டும் போதாது. முன்னவர் ஆடாத ஆட்டங்களில் பயிற்சியாளர் இவரை எத்தனை ஸ்னாப் (பந்து ஆட்டத்துக்கு வரும் ஒவ்வொரு முறையும் ஒரு ஸ்னாப்) நம்பி நிறுத்தினார் என்று தேடுங்கள். ஓர் ஆட்டத்தின் ஸ்னாப் கணக்கு, பத்து ஹைலைட் வீடியோவை விட அதிகம் சொல்லும்.

கேள்வி: முதல் சுற்றில் ஒரு பெரிய ரன்னிங் பேக்கை எடுத்தால், அவருடைய பேக்கப்பையும் நானே எடுத்தாக வேண்டுமா? நண்பர்கள் கட்டாயம் என்கிறார்கள்.
– டல்லாஸ் வாசகர்

பதில்: கட்டாயம் இல்லை. ‘ஹேண்ட்கஃப்’ என்று இதைச் சொல்வார்கள். கைவிலங்கு என்ற பெயர் நன்றாகத்தான் பொருந்துகிறது. உங்கள் ஸ்டார் விழுந்து அவருடைய பேக்கப் எழுந்தால், இருந்த இடத்தைத் தக்க வைத்துக்கொள்கிறீர்கள். வேறொருவருடைய ஸ்டார் விழுந்து அவருடைய பேக்கப் உங்களிடம் இருந்தால், உங்களிடம் ஒரு ஸ்டார்ட்டர் கூடுகிறார், எதிராளியிடம் ஒருவர் குறைகிறார். அதே கடைசிச் சுற்றுதான், லாபம் வேறு. இன்னொரு சங்கடம்: ஒரே அணி என்பதால் இருவருக்கும் பை வீக் (ஆட்டமில்லாத ஓய்வு வாரம்) ஒன்றே. அந்த வாரம் இருவருமே உதவ மாட்டார்கள்.

பெஞ்சில் ஆறு இடம் என்றால் இந்த வகை ஆட்களுக்கு இரண்டு இடம் போதும். உங்கள் லீக்கில் பெஞ்ச் ஒன்பது, பத்து என்று நீண்டு, வேவரில் ஆளே மிஞ்சாது என்றால் மட்டும் சொந்த பேக்கப்பை எடுத்து வைப்பது புத்திசாலித்தனம்.

ஸ்டார்ட்டருக்குக் காயமே ஆகாவிட்டாலும் உதவுகிற பேக்கப் கிடைத்தால் இரண்டு சுற்று முன்னாலேயே எடுக்கலாம். 2022-ல் கவ்பாய்ஸின் எசகியேல் எலியட்டுக்கு 231 கேரி, டோனி போலார்டுக்கு 193. யார்டில் எலியட் 876, போலார்ட் 1,007. காகிதத்தில்தான் போலார்ட் இரண்டாம் ஆள்.

கேள்வி: ப்ரீசீசனில் (சீசனுக்கு முந்தைய பயிற்சி ஆட்டங்களில்) ஒரு புதுமுகம் 90 யார்டு ஓடினார். மேலே ஏற்றி எடுக்கலாமா?
– பே ஏரியா வாசகர்

பதில்: எந்தக் குவார்ட்டரில், யாரோடு? மூன்றாம் குவார்ட்டரில், வேலையிழக்கப் போகும் தடுப்பாட்டக்காரர்களுக்கு எதிராக ஓடிய 90 யார்டுக்கு மதிப்பு குறைவு. அணி பந்தோடு முன்னேறும் முதல் டிரைவில், அணியின் முதல் குவார்ட்டர்பேக்குடன் (பந்தை எறிந்து ஆட்டத்தை நடத்துபவர்), மூன்றாவது டவுனில் இன்னும் எட்டு யார்டு தேவைப்படும்போது அந்தப் பையன் களத்தில் நின்றாரா என்று பாருங்கள். நின்றால், பிளிட்ஸில், அதாவது குவார்ட்டர்பேக்கை நோக்கிப் பாய்ந்து வரும் லைன்பேக்கரை (எதிரணித் தடுப்பாட்டக்காரர்) மறித்து நிறுத்துவார் என்று பயிற்சியாளர் நம்புகிறார். புதுமுகங்கள் பெஞ்சில் காய்வதற்குப் பெரும்பாலும் காரணம் இந்த பாஸ் பிளாக்கிங்தான். லட்சக்கணக்கில் அல்ல, கோடிக்கணக்கில் கொட்டி வாங்கிய குவார்ட்டர்பேக்கை ஒரு தவறில் படுக்க வைத்துவிட்டால் எந்தப் பயிற்சியாளர் பொறுப்பார்?

நிஜ என்.எஃப்.எல். டிராஃப்டில் எந்தச் சுற்றில் அணி அவரை எடுத்தது என்பதும் கணக்கில் வரும். 2017-ல் செயின்ட்ஸ் அணியின் ஆல்வின் கமாரா மூன்றாம் சுற்று ஆள். மார்க் இங்ராம், ஏட்ரியன் பீட்டர்சன் இருவருக்கும் பின்னால் தொடங்கினார். பந்து பிடிக்கும் திறமையால் முதல் வாரத்திலிருந்தே களம் கிடைத்தது. அக்டோபரில் பீட்டர்சனை அணி வேறு அணிக்கு மாற்றிவிட்டது. சீசன் முடிவில் கமாராவுக்கு 81 கேட்ச்.

கேள்வி: ஃபுல் பிபிஆரில் (ஒவ்வொரு கேட்சுக்கும் ஒரு முழுப் புள்ளி) கணக்கு மாறுமா?
– டொராண்டோ வாசகர்

பதில்: நிறையவே. 2020-ல், அப்போது பேந்தர்ஸ் அணியில் இருந்த மெக்காஃப்ரி மூன்றே ஆட்டம் ஆடினார். அவர் இடத்தில் மைக் டேவிஸ். ஓட்டத்தில் 642 யார்டு, அதாவது 64.2 புள்ளி. 59 கேட்ச், 373 யார்டு: ஃபுல் பிபிஆரில் 96.3. கேட்சுக்குப் புள்ளி இல்லாத லீக்கில் அதே உழைப்புக்கு 37.3-தான்.

கேள்வி: பேக்கப்பாக நன்றாக ஆடியவர் இந்த வருடம் ஸ்டார்ட்டர் ஆகிவிட்டார். நம்பி நடுச் சுற்றில் எடுக்கலாமா? இல்லாவிட்டால் எத்தனை வாரம் பேக்கப்புகளைப் பெஞ்சில் சுமப்பது?
– அட்லாண்டா வாசகர்

பதில்: முதல் கேள்விக்கு, விலையைப் பார்த்து. முதல் ரன்னிங் பேக் டால்வின் குக் இல்லாத வாரங்களில் அலெக்சாண்டர் மேட்டிசன் வைக்கிங்ஸுக்குப் பிரமாதமாகக் கைகொடுத்தார். 2023-ல் வேலை முழுதாகக் கிடைத்தது: 180 கேரி, 700 யார்டு, ஓட்டத்தில் ஒரு டச்டவுன்கூட இல்லை. ஓரிரு வாரம் தாங்குவது வேறு, செப்டம்பர் முதல் டிசம்பர் வரை தாங்குவது வேறு.

இரண்டாவதற்கு: பை வீக் நெருக்கடி வழக்கமாக 5-ம் வாரத்தில் தொடங்கும். அப்போது இடம் தேவைப்பட்டால், வேலையைப் பங்கு போட வேண்டியிருக்கும் பேக்கப்பை முதலில் விடுங்கள். முழு வேலையும் வரக்கூடியவரைக் கடைசிவரை வைத்திருங்கள். பெரும்பாலான லீக்குகளில் பிளேஆஃப் 15-ம் வாரம் தொடங்குகிறது, அடிபட்ட கால்கள் அதிகம் இருப்பதும் அப்போதுதான்.