கொடைக்கு நாள் குறித்தாயிற்றா?

கேள்வி: அம்மா, எனக்கு வயது 38. சேரன்மகாதேவி பக்கம் ஒரு கிராமம். சுவரிலும் போர்டிலும் எழுதுவது தொழில். ஃபிளெக்ஸ் வந்த பிறகு பாதிக்கு மேல் வேலை போய்விட்டது. பள்ளிக்கூடச் சுவர், கோயில் வளைவு என்று கிடைத்ததை எழுதி வருகிறேன். மூன்று வருடங்களுக்கு முன் நண்பர்கள் பன்னிரண்டு பேர் சேர்ந்து எங்கள் குளத்தில் தண்ணீரை மூடிக்கிடந்த அமலைச் செடியை அள்ளினோம், கரையில் சீமைக்கருவேலத்தை வெட்டினோம். மடைச் சுவரில் நான் பறவைகளை வரைந்தேன். ஒரே வருடத்தில் அமலை பழையபடி மூடிவிட்டது. படத்தின் மேல் யாரோ போஸ்டர் ஒட்டிவிட்டார்கள். ஐந்து பேர் பிழைப்புக்காக கோயம்புத்தூர், சென்னை என்று போய்விட்டார்கள். எந்தத் தெரு முன்னால் நிற்பது என்ற சண்டையில் மற்றவர்களில் பாதிப் பேர் ஒதுங்கிவிட்டார்கள். ‘இதனால் நாலு காசு உண்டா?’ என்று மனைவி கேட்கிறாள். என்னிடம் பதில் இல்லை. படத்தாலோ குளத்து வேலையாலோ எதுவும் மாறும் என்ற நம்பிக்கை போய்விட்டது. அதை எங்கே போய்த் தேடுவது?
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்ட வாசகர்)

பதில்: தம்பி, முதலில் உங்கள் மனைவிக்குப் பதில் சொல்லிவிடுகிறேன். அவர் கேட்டது நியாயமான கேள்வி. மடைச் சுவரில் படம் வரைந்தீர்களே, பெயிண்ட் யார் காசு? உங்கள் காசாகத்தான் இருக்கும். அமலை அள்ள வந்தவர்களுக்குக் கூலி இல்லை, உங்களுக்கும் இல்லை, அது சரி. ஆனால் அவர்கள் மண்வெட்டியைக் கொண்டுவந்து திருப்பி எடுத்துப் போனார்கள். நீங்கள் கொண்டுவந்த எனாமல் டின் காலியாகத் திரும்பியது. இனிமேல் பெயிண்ட், பிரஷ் செலவை ஊர் ஏற்க வேண்டும். பள்ளிக்கூடச் சுவருக்குக் கூலி கேளுங்கள், கோயில் வளைவுக்கும் கேளுங்கள். கலைஞன் காசு கேட்டால் அவன் கலை மட்டமாகிவிடும் என்று நினைக்கிறவர்கள் பெரும்பாலும் காசு கொடுக்க வேண்டிய இடத்தில் இருப்பவர்கள்தான்.

இனி உங்கள் கேள்வி. சில வருடங்களுக்கு முன் பாளையங்கோட்டைக்குத் தெற்கே ஓர் ஊரில் சுடலைமாடன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போயிருந்தேன். வில்லுப்பாட்டுக்காரர் ஒரு பெண்மணி. ஐம்பது வயதிருக்கும். இரவு பத்து மணிக்குப் பந்தல் நிறையக் கூட்டம். நள்ளிரவுச் சாமக்கொடை நெருங்கும்போது பார்த்தால் பந்தலில் விழித்திருந்தது ஏழெட்டுப் பேர். அதில் ஒருவர் டீக்கடைக்காரர். மற்றவர்கள் துண்டை விரித்துப் படுத்துவிட்டார்கள். அந்த அம்மாள் ஒரு அடியைக்கூட விடவில்லை. வீசுகோல் நாணில் விழ, வில்லின் மணிகள் குலுங்க, பக்கத்தில் ஒருவர் குடத்தின் வாயில் பத்தி என்கிற மட்டையால் ‘தொம்’ என்று அடிக்க, பின்பாட்டுக்காரர் தூக்கக் கண்ணோடு ஒவ்வொரு அடிக்கும் ‘ஆமாம்’ போட்டுக்கொண்டே இருந்தார். விடிந்த பிறகு காபி குடிக்கும்போது அவரிடம் கேட்டேன், ஆள் இல்லாதபோது கதையைச் சுருக்கிக்கொள்ளக் கூடாதா என்று. என்னைக் கொஞ்சம் பரிதாபமாகப் பார்த்தார். கதை சாமிக்குப் பாடுவது, சாமி எங்கும் எழுந்து போகவில்லையே என்றார். அப்புறம் பின்பாட்டுக்காரரைக் காட்டி, இவர் ‘ஆமாம்’ போடுகிற வரைக்கும் எனக்கு ஆள் இருக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்.

சாமி விஷயம் அவரவர் நம்பிக்கை. எனக்குப் பிடிபட்டது அந்த ‘ஆமாம்’தான். உங்கள் பன்னிரண்டு பேரில் இன்னும் மூன்று நான்கு பேர் மிஞ்சியிருப்பார்கள் என்று கணக்குப் போடுகிறேன். ஒரு வில்லுக் கோஷ்டிக்கே அது போதும்.

கொடையைப் பற்றி இன்னொன்று. எந்த ஊரிலாவது ‘இந்த வருடம் எல்லோருக்கும் மனது உற்சாகமாக இருக்கிறது, ஆகவே கொடை நடத்துவோம்’ என்று யாராவது சொல்லிக் கேட்டிருக்கிறீர்களா? மழை பொய்த்திருக்கும், ஊரில் இரண்டு கோஷ்டி இருக்கும், போன வருடக் கணக்கு இன்னும் முடிந்திருக்காது. ஆனாலும் சித்திரையோ ஆடியோ வந்ததும் நாள் குறிக்கிறார்கள், கால் நாட்டுகிறார்கள், தலைக்கட்டு வரி பிரிக்கிறார்கள். சென்னைக்குப் போனவன்கூட வரியை அனுப்பிவிடுகிறான், முடிந்தால் பஸ் ஏறி வந்தும் விடுகிறான். மனதில் நம்பிக்கை இருக்கிறதா என்று அவனை யாரும் கேட்பதில்லை. நாள் வந்துவிட்டது, அவ்வளவுதான். நீங்கள் குளத்து வேலையை ஒரு தடவை செய்து முடிக்கிற வேலையாக எடுத்துக்கொண்டீர்கள். அமலை அப்படிப்பட்ட ஜென்மம் இல்லை. வருடா வருடம் வரும். நாமும் வருடா வருடம் போக வேண்டியதுதான். அதற்கு நாள் குறித்தீர்களா?

நாளுக்கு எங்கே போவது என்று கேட்காதீர்கள். மார்ச் 22 உலகத் தண்ணீர் தினம். அன்று நம் மாநிலத்தில் கிராம சபை கூடுகிறது. அன்று காலை சபையில் குளத்தைப் பற்றி ஒரு தீர்மானம், அதற்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை குளத்தில் வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். கோயம்புத்தூர்க்காரர்களிடம் ஆள் கேட்காதீர்கள், வரி கேளுங்கள். ஆளுக்கு இருநூறு ரூபாய் போதும். வரி கொடுத்தவன் ஊரைவிட்டுப் போனவன் ஆகமாட்டான்.

உங்கள் தூரிகைக்கு நான் ஒரு வேலை யோசித்து வைத்திருக்கிறேன். பறவைப் படம் அழகுதான். ஆனால் அழகான சுவரைப் பார்த்தால் நம் ஊரில் போஸ்டர்காரனுக்குத்தான் முதலில் கண் தெரிகிறது. அதற்குப் பதில், குளத்தின் மிச்சத் தண்ணீர் வழிந்து போகும் கலுங்கின் சுவரில் ஓர் அளவுகோல் எழுதுங்கள். வெள்ளையடித்து, நூலில் நீலம் தடவிச் சுண்டிக் கோடு போட்டு, அடிக்கணக்குக்கு எண்கள். உங்கள் கை எழுதும் எண்ணை எந்த ஃபிளெக்ஸும் எழுதாது. ஒவ்வொரு வருடமும் பொங்கலன்று தண்ணீர் நிற்கும் இடத்தில் ஒரு கோடு, பக்கத்தில் வருடம். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையை நம் பக்கத்தில் யாரும் மறக்கவில்லை. ஆனால் உங்கள் குளத்தில் அன்று தண்ணீர் எதுவரை ஏறியது என்று கேட்டால் ஒருவர் இடுப்பைக் காட்டுவார், இன்னொருவர் கழுத்தைக் காட்டுவார். பெரியவர்களைக் கூட்டிப் பேசி ஒத்துப்போகிற இடத்தில் அந்தக் கோட்டையும் போடுங்கள். அந்தப் பேச்சிலேயே ஒரு நாள் போய்விடும். போகட்டும். குளத்தைப் பற்றி இரண்டு தெருவும் உட்கார்ந்து பேசுகிற நாள் அது.

மடையும் கலுங்கும் அரசுச் சொத்து. உங்கள் குளம் நீர்வளத் துறைக்கா, ஊராட்சி ஒன்றியத்துக்கா என்று விசாரித்து ஒரு மனு கொடுத்துவிட்டு எழுதுங்கள். இல்லாவிட்டால் அளவுகோலை எழுதியவன்மேல் புகார் எழுத ஓர் ஆள் கிளம்புவார்.

தெருச் சண்டையைப் பற்றி ஒரே வரியில் எழுதிவிட்டுத் தாண்டிவிட்டீர்கள். உங்கள் கடிதத்திலேயே கனமான வரி அதுதான் என்று எனக்குத் தோன்றியது. நம் ஜில்லாவில் மின்கம்பம் முதல் பாலத்துச் சுவர்வரை எந்தச் சாதியின் நிறம் என்று பார்த்துப் பெயிண்ட் அடிக்கிறார்கள். அந்த வேலைக்கு உங்களையும் கூப்பிட்டிருப்பார்கள், ஒருவேளை போயும் இருப்பீர்கள். வயிற்றுப்பாட்டுக்கு நான் தீர்ப்புச் சொல்லவில்லை. ஆனால் கலுங்கில் வெள்ளைமேல் கறுப்பு தவிர வேறு நிறம் வேண்டாம். வேலைக்கு வந்தவர்களின் பெயரை எழுதுங்கள், பட்டமும் தெருவும் இல்லாமல், அகர வரிசையில். முன்னால் நிற்பது எந்தத் தெரு என்ற கேள்விக்கு ‘அ’ என்ற எழுத்தைக் காட்டிவிடலாம். நம் ஆட்களுக்குப் பெயர்மேல் எவ்வளவு ஆசை என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கோயில் டியூப் லைட்டில் பாதி வெளிச்சத்தை மறைத்து ‘உபயம்’ எழுதிக் கொடுத்ததே உங்கள் தொழில்காரர்கள்தானே. அந்த ஆசை குளத்துக்கும் கொஞ்சம் பயன்படட்டும்.

உங்களுக்குப் பக்கத்து ஊர் பத்தமடை. அங்கே கல்யாணப் பாயில் பெண், மாப்பிள்ளை பெயரைக் கோரையிலேயே நெய்து தருவார்கள். தாமிரபரணிக் கரையில் விளைந்த கோரை. அதை ஊறவைத்து, கீறி, காயவைத்து, சாயம் ஏற்றி, மெல்லிய இழையாக்கி நெய்தால் பாய் பட்டுத்துணி மாதிரி மடியும். கலை வாழ வேண்டும் என்ற கவலையில் யாரும் அந்தப் பாயை வாங்குவதில்லை. வீட்டில் கல்யாணம், பாய் வேண்டும், பெயர் போட வேண்டும். கலைக்கு இப்படி ஒரு வேலை இருந்தால் அது தன் காலில் நிற்கும். உங்கள் படத்துக்கு வேலை இல்லாமல் போனதுதான் குறை, படத்தில் குறை இல்லை.

எதுவும் மாறாது என்கிறீர்கள். பொய்யாகத் தேற்ற எனக்கு வராது. 2011இல் இடிந்தகரையில் லூர்து மாதா கோயில் முன் பந்தலில் பெண்கள் கூடங்குளம் அணு உலைக்கு எதிராக நாள் கணக்கில் உட்கார்ந்திருந்தார்கள். மடியில் முறம், கையில் பீடி இலை. போராட்டமும் நடக்கும், பீடியும் சுற்றியாகும், சாயங்காலம் உலையும் வைப்பார்கள். அவர்கள் பக்கம் நியாயமா என்பதில் உங்களுக்கும் எனக்கும் வேறு வேறு கருத்து இருக்கலாம். அவர்கள் கேட்டது கிடைக்கவில்லை. 2013 அக்டோபரில் முதல் உலையிலிருந்து மின்சாரம் வந்துவிட்டது. இன்னொரு பக்கம், 2010இல் தாமிரபரணியில் மணல் அள்ளுவதற்கு எதிராக மதுரை உயர் நீதிமன்றக் கிளையில் நல்லகண்ணு தாமே நின்று வாதாடினார். 85 வயது. ஐந்து வருடத்துக்குத் தடை வாங்கினார். ஐந்து வருடம்தான். ஆனால் அந்த ஐந்து வருடத்தில் எத்தனை லாரி மணல் ஆற்றிலேயே கிடந்திருக்கும்! ஜூலை 23 அன்று கொக்கிரகுளத்துக்கு எப்போதாவது போயிருக்கிறீர்களா? 1999இல் மாஞ்சோலைத் தோட்டத் தொழிலாளர்களுக்காக ஊர்வலம் வந்தவர்கள்மேல் தடியடி நடந்து, 17 பேர் ஆற்றோடு போனார்கள். வருடந்தோறும் அந்தத் தேதியில் ஆட்கள் வந்து தண்ணீரில் பூப் போடுகிறார்கள். போனவர்கள் திரும்ப வரமாட்டார்கள் என்று தெரிந்துதான் வருகிறார்கள்.

கொஞ்சம் தெம்பான இடமும் சொல்கிறேன். நாங்குநேரிப் பக்கம் கூந்தன்குளம். 1994இல் சரணாலயமாக அறிவிப்பதற்கு வெகுகாலம் முன்பே அந்த ஊர்க்காரர்கள் பறவைகளைத் தங்கள் வீட்டுப் பிள்ளைகளாகப் பாவித்தவர்கள். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் ஊருக்குள்ளேயே வீட்டுக் கொல்லை மரங்களில் கூடு கட்டுகின்றன. வாசலெல்லாம் எச்சம், நாற்றம், விடியற்காலையில் இரைச்சல். தீபாவளிக்கு வெடி கிடையாது. பத்து வயதுப் பையன் வெடி இல்லாமல் தீபாவளி கொண்டாடுவது எவ்வளவு பெரிய தியாகம் என்று யோசித்துப் பாருங்கள்! அவனிடம் யாரும் சுற்றுச்சூழலைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றவில்லை. ‘நம் ஊரில் வெடி போடுவதில்லை’ என்றார்கள், முடிந்தது. குளத்து வண்டலில் எச்சம் கலந்திருப்பதால் வயலுக்கு நல்ல உரம் என்ற லாபக் கணக்கும் உண்டு. உங்கள் மனைவி கேட்ட கேள்விக்கு அந்த ஊரில் பதில் வைத்திருக்கிறார்கள்.

ஒரு தடவை கூந்தன்குளத்துக்குக் குடும்பத்தோடு போய்வாருங்கள். பொங்கல் கழிந்து போனால் கூடு பார்க்கலாம். சும்மா பார்த்துவிட்டு வரவேண்டாம் என்றால், ஜனவரியில் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைக் கணக்கெடுக்கிறார்கள். 2011இல் தொடங்கியது. மணிமுத்தாறில் இருக்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவளக் காப்பு மையமும் மற்ற இயற்கை அமைப்புகளும் சேர்ந்து நடத்துகிற வேலை. ஆசிரியர், மாணவர், அலுவலகத்துக்குப் போகிறவர் என்று பலதரப்பட்ட ஆட்கள் வருகிறார்கள். உங்கள் குளமும் கணக்கில் இருக்கிறதா என்று கேளுங்கள். கணக்கு வந்ததும் அதையும் கலுங்கில் அந்த வருடக் கோட்டுக்குப் பக்கத்தில் சின்ன எழுத்தில் எழுதிவிடுங்கள்.

போகும்போது நோட்டும் பென்சிலும் மறக்கவேண்டாம். உங்கள் கடிதத்தின் ஓரத்தில் பேனாவால் ஒரு மீன்கொத்தி வரைந்து அனுப்பியிருக்கிறீர்கள். கழுத்து வளைவும் கண்ணும் அப்படியே உட்கார்ந்திருக்கின்றன. அலகு மட்டும் கொஞ்சம் நீளம். ஏதாவது ஒரு மடையில் நின்று கிட்டத்தில் பார்த்துச் சரிசெய்துகொள்ளுங்கள்.