விடுதலையான வழக்கையும் படிவத்தில் எழுத வேண்டுமா?

கேள்வி: 2019-இல் பிளஸ் டூ படித்தபோது, எங்கள் ஊர் மாடு விடும் விழா தகராறில் என் பெயரையும் வழக்கில் சேர்த்துவிட்டார்கள். பிறகு ராஜியாகி விடுதலை ஆனது. இப்போது சி.ஆர்.பி.எஃப். வேலை கிடைத்துள்ளது. படிவத்தில் 'வழக்கு இல்லை' என்று எழுதியதற்கு விளக்கம் கேட்டிருக்கிறார்கள். வேலை போய்விடுமா? - வாசகர், கணியம்பாடி

பதில்: தம்பி, அடிதடி வழக்கைவிட நீங்கள் எழுதிய அந்த 'இல்லை'தான் இப்போது பெரிய தலைவலி. படிவத்தில் 'எப்போதாவது கைதானீர்களா, வழக்கு நடந்ததா' என்பது ஒரு கேள்வி. 'இப்போது நிலுவையில் உள்ளதா' என்பது வேறு கேள்வி. விடுதலையானவரும் முதலாவதற்கு 'ஆம்' என்றுதான் எழுத வேண்டும். மத்தியப் படைகளின் காவலர் தேர்வைத் தமிழில் எழுத 2024-இல் வழி செய்தவர்கள், நான் பார்த்தவரை, வேலையையே பறிக்கக்கூடிய இந்தப் படிவத்தை இன்னும் இந்தியிலும் ஆங்கிலத்திலும்தான் நீட்டுகிறார்கள்.

'இல்லைன்னு போடுங்க, ஒண்ணும் ஆகாது' என்று யார் சொன்னது? பெரும்பாலும் பிரவுசிங் சென்டர்காரராக இருக்கும். அடுத்து ஒரு புரோக்கர் வருவார், 'ஸ்டேஷன்ல சொல்லி ரெக்கார்டை எடுத்துடலாம்' என்பார். காவல் துறைக் கணினியிலும் நீதிமன்ற இணையதளத்திலும் ஏறிவிட்ட வழக்கை அவர் எங்கே போய் எடுப்பார்? ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். போலிச் சான்றிதழ் ஏதாவது தலையில் கட்டினால் அது தனி வழக்காகும்.

மறைத்த ஒரே காரணத்துக்காகக் கண்ணை மூடிக்கொண்டு நீக்கக் கூடாது, வழக்கின் தன்மையையும் பார்க்க வேண்டும் என்று 2016-இல் அவதார் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. அதற்காக மெத்தனமாக இருக்காதீர்கள். 2022-இல், இதேபோல் வழக்கை மறைத்ததற்காக நீக்கப்பட்ட ஒரு சி.ஆர்.பி.எஃப். காவலரின் மேல்முறையீட்டை அதே நீதிமன்றம் தள்ளுபடி செய்தது.

பிளஸ் டூ என்கிறீர்களே, சம்பவத்தன்று உங்களுக்கு 18 வயது நிறைந்திருந்ததா? முதலில் பத்தாம் வகுப்புச் சான்றிதழை எடுத்துப் பாருங்கள். எஃப்.ஐ.ஆர். தேதியோ தீர்ப்புத் தேதியோ கணக்கில்லை. தகராறு நடந்த நாள்தான் கணக்கு. ஒரு நாள் குறைந்திருந்தாலும் நீங்கள் சிறார். 2015-ஆம் ஆண்டு சிறார் நீதிச் சட்டத்தின் 24-ஆவது பிரிவு, அந்த வயது வழக்கு பிற்காலத்தில் தகுதியிழப்பாகக் கூடாது என்கிறது. ஸ்டேஷனில் வயதைக் கூட்டி எழுதியிருந்தாலும், வழக்கு முடிந்த பிறகுகூட இதைக் கிளப்பலாம்.

தீர்ப்பு சொன்னது வேலூர் சத்துவாச்சாரி வளாகத்து நீதிமன்றம் என்றால், அங்கே நகல் மனு போட்டு எஃப்.ஐ.ஆர்., குற்றப்பத்திரிகை, தீர்ப்பு மூன்றுக்கும் சான்றிட்ட நகல் வாங்குங்கள். விளக்கத்தில் 'மறந்துவிட்டேன்' என்று இன்னொரு பொய் வேண்டாம். நடந்ததை நடந்தபடி எழுதி, கெடு முடிவதற்குள் ஒப்புகையுடன் அனுப்புங்கள். நகல் வரத் தாமதமானால், மனு போட்ட ரசீதை இணைத்து அவகாசம் கேளுங்கள்.