குட்டிக் கூடையின் வாய் ஏன் குறுகுகிறது? – கடிதமும் பதிலும்

வணக்கம்.

பொம்மை வீட்டுக்காக 1:12 அளவில், அதாவது நிஜத்தில் பன்னிரண்டில் ஒரு பங்காக, கூடை முடையத் தொடங்கியிருக்கிறேன். அட்டை வட்டத்தின் விளிம்பில் 16 கம்பித் துண்டுகளை ஒட்டித் தையல் நூலால் பின்னுகிறேன். மேலே போகப் போக வாய் குறுகிவிடுகிறது. ஒவ்வொரு சுற்றிலும் நூல் அதே கம்பிகளின் மேலேயே வருகிறது. பாதியில் கம்பிகள் கழன்றும் விடுகின்றன. தப்பித்தவறி முடிந்தாலும் கூடை மாதிரி இல்லை, துணிப்பை மாதிரி இருக்கிறது. எங்கே தவறுகிறேன்? வீட்டில் இதைச் சிறுபிள்ளை விளையாட்டு என்கிறார்கள், அது தனிக்கதை.

எம்.

அன்புள்ள எம்,

முதல் சிக்கல் அந்த 16. ஒரே நூலை ஒரு கம்பிக்கு முன்னும் அடுத்ததற்குப் பின்னுமாக ஓட்டும்போது, கம்பிகள் ஒற்றைப்படையில் இருந்தால்தான் அடுத்த சுற்றில் முன்பின் மாறி விழும். இரட்டைப்படையில் பின்னலே விழாது, நூல்தான் அடுக்கடுக்காக ஏறும். 25 மி.மீ. அடிவட்டத்துக்கு 21 கம்பிகள் வையுங்கள். இடைவெளி சுமார் 3.5 மி.மீ. வரும். நிஜக் கூடையில் அது 42 மி.மீ., நம்பும்படியான இடைவெளி.

வட்டத்தை 21 ஆகப் பிரிக்கக் கோணமானி உதவாது. அச்சை, அதாவது கூடைக்கு உள்ளே வைத்துப் பின்னும் உருளையைச் சுற்றி ஒரு காகிதப் பட்டையை வைத்து, சுற்றளவுக்குச் சரியாக வெட்டுங்கள். 21 மி.மீ. விட்டமுள்ள அச்சு என்றால் 66 மி.மீ. இருக்கும். வரைபடத்தாளில் 3 மி.மீ.க்கு ஒரு கோடாக 21 இடைவெளிகளைக் குறித்து, பட்டையின் ஒரு முனை முதல் கோட்டிலும் மறுமுனை கடைசிக் கோட்டிலும் தொடும்படி சற்றே சாய்த்து வையுங்கள். கோடுகள் பட்டையை வெட்டும் இடங்களில் புள்ளி வைத்தால் சமமான 21 பாகங்கள். பட்டையை மறுபடி அச்சில் சுற்றி, புள்ளிகளை அட்டைக்கு மாற்றிக்கொள்ளலாம்.

கம்பி கழல்வதற்குக் காரணம் விளிம்பில் ஒட்டுவது. 1 மி.மீ. அட்டையில் 22 மி.மீ. விட்டமுள்ள வட்டத்தில் துளை போட்டு, 45 மி.மீ. நீளக் கம்பிகளை மேலிருந்து நுழையுங்கள். கீழே வரும் 5 மி.மீ.யை மையம் நோக்கி மடக்கி, அதன் மேல் இன்னொரு மெல்லிய அட்டை வட்டத்தை ஒட்டிவிட்டால் எவ்வளவு இழுத்தாலும் வராது. கம்பி 0.5 மி.மீ. தடிமனில், காகிதம் சுற்றியதாக இருக்கட்டும். வெறும் கம்பியில் நூலுக்குப் பிடிமானம் கிடையாது, சுற்றுகள் வழுக்கிக் கீழே இறங்கும்.

இனி வாய். நூலை ஒவ்வொரு முறை இழுக்கும்போதும் கம்பிகள் துளி உள்ளே சாய்கின்றன. ஒரு சுற்றுக்குச் சுற்றளவில் 0.3 மி.மீ. குறைந்தால் கண்ணுக்கே தெரியாது. 20 மி.மீ. உயரத்துக்கு 0.5 மி.மீ. நூலில் 40 சுற்று. மொத்தம் 12 மி.மீ. போய்விடும், அதாவது விட்டத்தில் ஏறக்குறைய 4 மி.மீ. கை எவ்வளவு பழகினாலும் அச்சு இல்லாமல் இதைத் தடுப்பது கடினம் என்பதே என் எண்ணம். அச்சுக்கு மர உருளை ஒன்றை எடுத்து, மேலே போகப் போகக் கூடுதலாக டேப் சுற்றி வாயை 25 மி.மீ. ஆக்குங்கள். வெளியே பிளாஸ்டிக் தாள் சுற்றினால் பசை ஒட்டாது. இருபக்க டேப்பால் அடியில் நிறுத்தி, கம்பிகளை மேலே ரப்பர் பேண்டால் அணைத்துக்கொண்டு பின்னுங்கள். அகலமான பக்கம் மேலே இருப்பதால் அச்சு கடைசியில் எளிதாக வெளியே வரும்.

முதல் மூன்று சுற்றை இரட்டை நூலால் போடுவது நல்லது. 70 செ.மீ. நூலை நடுவில் மடித்து ஒரு கம்பியில் மாட்டி, ஒவ்வொரு கம்பிக்குப் பிறகும் இரு இழைகளையும் குறுக்கே மாற்றிக்கொண்டே போக வேண்டும். கம்பிகள் அசையாமல் நிற்கும். பிறகு ஓர் இழையை வெட்டிவிட்டு மற்றதில் தொடருங்கள். நூலை இழுக்காதீர்கள். வைத்துவிட்டு, மூன்று நான்கு சுற்றுக்கு ஒருமுறை மழுங்கிய ஊசியால் கீழ்நோக்கித் தட்டினால் போதும். மொத்தம் சுமார் மூன்றரை மீட்டர் நூல் பிடிக்கும். ஒரு மீட்டருக்கு மேல் ஒரே துண்டாக எடுத்தால் உரசி உரசிப் பஞ்சு கிளம்பும். ஒட்டுப்போடும் முனைகள் கம்பியின் உட்புறம் மறையட்டும்.

துணிப்பை போலத் தெரிவது நூலால். தையல் நூல் சுமார் 0.2 மி.மீ. தடிமன்தான். 12 மடங்கு பெருக்கினால் 2.4 மி.மீ., பெரிய கூடைக்கு அது மிக மெல்லிய நார். 0.5 மி.மீ. நூல் 6 மி.மீ. பிரம்புக்குச் சமம். மெழுகு பூசிய லினன் நூல் மிகப் பொருத்தம். பருத்தியில் நீட்டியிருக்கும் 1 மி.மீ. இழைகூட 12 மி.மீ. முடியாகத் தெரியும். பருத்திதான் இருக்கிறது என்றால் தேன்மெழுகில் இரண்டு முறை இழுத்து, விரலால் சூடேற உருவிவிடுங்கள். சாயம் போடுவதை மெழுகுக்கு முன்பே முடித்துவிட வேண்டும். மெழுகின் மேல் நீர்ச்சாயம் முத்து முத்தாக நின்றுவிடும். நீர்த்த பசையும் ஊறாது. ஒட்டுகளுக்குக் கெட்டியான வெள்ளைப் பசையை ஊசிமுனையால் தொட்டு வையுங்கள்.

விளிம்புக்கு, ஒவ்வொரு கம்பியையும் கடைசிச் சுற்றுக்கு 1.5 மி.மீ. மேலே மெல்லிய குறடால் பிடித்து மடக்கி, வலப்பக்கக் கம்பிக்குப் பின்னும் அடுத்ததற்கு முன்னுமாக ஓட்டி முனையை உள்ளே செருகுங்கள். முதல் இரண்டைத் தளர்வாக விட்டால்தான் கடைசிக் கம்பிகள் அவற்றின் அடியில் நுழையும். இங்கே அவசரப்பட்டவர்களின் கூடையில்தான் அந்த ஓரிடம் புடைத்திருக்கும்.

சிறுபிள்ளை விளையாட்டு என்பவர்களிடம் ஃபிரான்சஸ் கிளெஸ்னர் லீயைப் பற்றிச் சொல்லுங்கள். 1940களில் அமெரிக்காவில், கொலை விசாரணை கற்கும் காவல்துறையினருக்காக மரணம் நிகழ்ந்த அறைகளை இதே 1:12 அளவில் செய்தவர். பொம்மைகளின் காலுறைகளைக் குண்டூசிகளைக் கொண்டு பின்னினார். அந்த அறைகளை வைத்துத்தான் அவர்கள் தடயம் பார்க்கப் பழகினார்கள்.

அடுத்து 1:24 முயல்வதென்றால் எல்லாவற்றையும் பாதியாக்க வேண்டாம். 12 மி.மீ. அடிவட்டத்துக்கு 15 கம்பிகள், 0.25 மி.மீ. நூல். விளிம்பை மட்டும் பின்னாமல், கம்பிகளைச் சமமாக வெட்டி, மூன்று இழைச் சடை ஒன்றை மேலே ஒட்டிவிடுங்கள். அந்த அளவில் மடக்கிய கம்பி எப்போதும் தடித்தே தெரியும்.